பாணும் சீட்டும் காதலும்: ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலை வன்னியிலிருந்து வாசித்தல்

கிளிநொச்சியில் உயர்தரக் கலைப்பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் ‘ஹங்கர் கேம்ஸ்’ என்ற ஆங்கில நாவலை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். படத்தைப் பார்த்த தோழிகள், இரண்டு இளைஞர்களுக்கு நடுவே ஒரு பெண் தடுமாறும் காதல் கதைதான் அது என்கிறார்கள். பின்னட்டையைத் தமிழில் சொல்லக் கேட்ட அம்மாவோ, “பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போய்ச் சாகவிடுகிறதை நாங்கள் கதையாக வேறு வாசிக்க வேணுமோ?” என்று கேட்டு, புத்தகத்தை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார். இதை வாசிக்கலாமா, வாசிப்பதென்றால் எப்படி வாசிப்பது, தன்னுடைய ஆங்கிலம் அதற்குப் போதுமா என்று அவர் கேட்கிறார்.

நான் வன்னிப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவள். இந்த நாவலை நான்கு முறை வாசித்திருக்கிறேன். அவற்றில் இரண்டு முறை, எங்கள் ஊர் வாசிகசாலையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் உயர்தரப் பிள்ளைகளோடு அமர்ந்து பத்தி பத்தியாக வாசித்தேன். ஆகவே உங்கள் முதற்கேள்விக்கு என் விடை தயக்கமில்லாதது: வாசியுங்கள். ஆனால் அம்மா கேட்டதை ஒரு தடையாக மட்டும் எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். தோழிகள் சொன்னதைவிட அவர் கேட்டதே நாவலுக்கு அண்மையில் நிற்கிறது. பிள்ளைகளைக் கொடுக்க நேர்ந்த வீடுகளின் கதை இது என்று, பின்னட்டையை ஒருமுறை கேட்ட மாத்திரத்தில் அவர் கண்டுகொண்டார். அந்த வீடுகளின் பசியை விளங்கிக்கொள்ளாமல் இந்த நாவலின் காதலை விளங்கிக்கொள்ள முடியாது.

நூலை எழுதிய சுசான் கொலின்ஸ் அமெரிக்கர். அவருடைய தந்தை அமெரிக்க விமானப்படையில் இருந்தவர். மகள் சிறுபிள்ளையாக இருந்தபோது வியட்நாம் போருக்குப் போனவர். ஓரிரவு தொலைக்காட்சி அலைவரிசைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஒன்றில் இளைஞர்கள் போட்டியிடும் நிகழ்ச்சியும் இன்னொன்றில் போர்க்களக் காட்சிகளும் ஓட, இரண்டும் மனதில் ஒன்றோடொன்று கலந்துபோனபோது இந்தக் கதை தோன்றியது என்று அவர் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு கன்னியரையும் கிரீட் தீவின் மினோட்டோருக்கு இரையாக அனுப்பிய பழைய கிரேக்கக் கதையும் அதற்கு அடித்தளமாக இருந்தது. நாவல் 2008 செப்டெம்பரில் வெளிவந்தது. அதே மாதத்தில்தான் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போகவேண்டாம் என்று வாசலில் நின்று கேட்ட சனங்களில் நானும் ஒருத்தி. இரண்டாம் நூல் 2009இலும் மூன்றாம் நூல் 2010இலும் வந்தன. வெளியுலகம் அவற்றை வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் பதுங்குகுழிகளிலும், பிறகு மெனிக் பாம் அகதி முகாமின் கூடாரங்களிலும் இருந்தோம். ஆகையால் இந்த நூல்கள் எங்கள் கைக்குப் பிந்தித்தான் வந்தன.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்கா அழிந்து, அதன் எச்சத்தில் பனெம் என்ற நாடு இருக்கிறது. செல்வம் கொழிக்கும் ஒரு தலைநகரும், அதற்கு உழைத்துக் கொடுக்கும் 12 மாவட்டங்களும் உண்டு. முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ந்தெழுந்து தோற்றன. அந்தத் தோல்விக்குத் தண்டனையாக ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு மாவட்டமும் 12 வயதுக்கும் 18 வயதுக்கும் இடைப்பட்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். அந்த 24 பேரும் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்வதை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கட்டாயமாகப் பார்க்க வேண்டும். கதை சொல்பவள் காட்னிஸ், 16 வயது, நிலக்கரி தோண்டும் 12ஆம் மாவட்டத்தவள். சுரங்க வெடிப்பில் தந்தையை இழந்தவள். வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் போய் வில்லால் வேட்டையாடித் தாயையும் தங்கையையும் காப்பாற்றுகிறாள். அவளுடைய பெயரே நீரில் வளரும் ஒரு செடியின் பெயர். அதன் கிழங்கைத் தோண்டித் தின்னலாம். குளத்தில் இறங்கித் தாமரைக் கிழங்கு பிடுங்கிப் பசியாறிய தலைமுறை உங்கள் வீட்டிலும் இருக்கிறது என்பதால், அந்தப் பெயரின் பொருளை அம்மாவுக்கு நீங்கள் விளக்க வேண்டியிராது.

நாவலின் இரண்டு சொற்களைத் தொடக்கத்திலேயே தமிழில் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் நாளுக்கு ‘ரீப்பிங்’ என்று பெயர். அது அறுவடை, நம் வழக்கில் அருவி வெட்டு. தெரிவுசெய்யப்பட்ட பிள்ளைக்கு ‘ட்ரிபியூட்’ என்று பெயர். இந்தச் சொல் அஞ்சலி, புகழுரை என்ற பொருள்களிலும் வழங்குவதால் என் மாணவர்கள் பலர் இங்கே இடறினார்கள். நமக்கு இதற்குரிய பழைய சொல் இருக்கிறது: திறை. தோற்ற மன்னன் வென்றவனுக்குத் திறை கட்டினான் என்று புறப்பாடல்களில் படித்திருப்பீர்கள். வன்னிச் சிற்றரசுகளான வன்னிமைகள் ஒல்லாந்தருக்கு யானைகளைத் திறையாகக் கொடுத்த வரலாறும் இந்த மண்ணுக்குரியது. பனெமில் தோற்றவர்கள் கட்டும் திறை அவர்களுடைய பிள்ளைகள். இந்த ஒரு சொல்லைச் சரியாகப் பிடித்தபின் முதல் அத்தியாயத்தின் இறுக்கம் தானாகப் பிடிபட்டுவிடும்.

அந்த முதல் அத்தியாயத்தில் ஒரு கணக்கு வருகிறது. அதை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். என் பார்வையில் மூன்று நூல்களுக்கும் வேர் அதுதான். 12 வயதில் ஒரு பிள்ளையின் பெயர் ஒரு சீட்டில் எழுதப்பட்டுக் கண்ணாடிக் குடத்தில் இடப்படும்; 13இல் இரண்டு சீட்டு; இப்படியே 18இல் ஏழு. இது எல்லாருக்கும் பொது. வறியவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது: தன் பெயரை மேலும் ஒருமுறை குடத்தில் இடச் சம்மதித்தால், ஓராளுக்கு ஓராண்டுக்கு அரைவயிற்றுக்குப் போதும் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்காகவும் இப்படி எடுக்கலாம். அதற்குத் ‘தெசரா’ என்று பெயர். பழைய ரோமில் தானியம் பெறக் காட்டும் வில்லைக்கு வழங்கிய பெயர் அது. நம் வழக்கில் கூப்பன். காட்னிஸ் 12 வயதில் தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக மூன்று கூப்பன் எடுக்கிறாள். வயதுக்குரிய ஒன்றோடு சேர்த்து நான்கு சீட்டு. ஆண்டுக்கு நான்காகச் சேர்ந்து 16 வயதில் அவள் பெயர் குடத்தில் 20 தடவை இருக்கிறது. ஐந்து பேரைத் தாங்கும் அவளுடைய வேட்டைத் துணைவன் கேலின் பெயர் 18 வயதில் 42 தடவை. நகரத் தலைவரின் மகளுக்கு வயதுக்குரிய ஐந்தே சீட்டு. தங்கை பிரிம் ஒரு கூப்பனும் எடுக்கக் காட்னிஸ் விட்டதில்லை. ஆதலால் முதலாண்டுப் பிள்ளையான பிரிமுக்கு ஒரே ஒரு சீட்டு. குடத்திலிருந்து எடுக்கப்படுவது அந்தச் சீட்டு. அக்கா முன்னே வந்து, தங்கைக்குப் பதிலாகத் தான் போவதாகச் சொல்கிறாள்.

எங்கள் வாசிகசாலையில் இந்த இடத்தை வாசித்தபோது ஒரு மாணவி புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய், நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். அன்று அத்தோடு நிறுத்தினோம். சங்கக்கடையில் நிவாரணம் எடுக்கும் அட்டையில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதில் அரிசியின் அளவு தங்கியிருந்த காலம் ஒன்று இங்கே இருந்தது. அதே பெயர்களின் எண்ணிக்கையில், போருக்கு வீட்டுக்கு ஒருவர் என்ற இன்னொரு கணக்கு தங்கியிருந்த காலமும் வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் தாய்மார் விடை சொல்லத் தயங்கினார்கள். தங்கைக்குப் பதிலாகப் போன அக்காமாரை நாங்கள் அறிவோம். எங்கள் குடும்பத்திலும் ஒரு பிள்ளை அந்தக் கணக்கில் போனான், திரும்பி வரவில்லை. இந்த நாவல் எங்களைப் பற்றி எழுதப்பட்டதல்ல என்பதையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். பனெமில் நடப்பது வேடிக்கைக்காக நடத்தப்படும் கொலை. இங்கு நடந்தவற்றுக்கு வேறு வரலாறும் வேறு காரணங்களும் உண்டு. பாத்திரங்களுக்கு நம்மூர்ப் பெயர்களைச் சூட்டி இன்னார்தான் இவர் என்று பொருத்திப் பார்க்கத் தொடங்கினால் நாவலும் கெடும், நம் நினைவும் கெடும். உங்கள் அம்மாவின் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

இனிக் காதலுக்கு வருகிறேன். அது பாணில் தொடங்குகிறது. பனெம் என்பது இலத்தீனில் பாண் என்று பொருள்படும் சொல். மக்களுக்குப் பாணும் வேடிக்கையும் கொடுத்தால் வேறொன்றும் கேட்க மாட்டார்கள் என்று ரோமானியக் கவிஞர் யுவெனல் மனம் நொந்து சொன்ன தொடரிலிருந்து அந்தப் பெயர் எடுக்கப்பட்டது. நாம் சொல்லும் பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுப்போனது. அவர்களுக்கு அது இலத்தீனிலிருந்து கிடைத்தது. ஆகவே கிளிநொச்சியில் காலையில் பாண் வாங்கும் ஒவ்வொருவரும் அந்த நாட்டின் பெயரைத் தேய்ந்த வடிவில் சொல்லித்தான் வாங்குகிறார். காட்னிஸோடு தெரிவுசெய்யப்படும் பீட்டா ஒரு வெதுப்பகக்காரரின் மகன். தந்தை இறந்து, தாய் சோகத்தில் உறைந்துபோய், வீட்டில் ஒரு மணி தானியமும் இல்லாத நாளொன்றில், 11 வயதுக் காட்னிஸ் மழையில் நனைந்தபடி வெதுப்பகத்தின் பின்புறத்தில் குப்பைத் தொட்டியைக் கிளறுகிறாள். உள்ளே இருந்த சிறுவன் வேண்டுமென்றே இரண்டு பாணைத் தீயில் கருகவிட்டு, அதற்காகத் தாயிடம் அடியும் வாங்கி, அவற்றை அவளை நோக்கி எறிகிறான். இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் நன்றி சொல்லவுமில்லை.

தமிழ் வாசகருக்கு இந்த இடம் மிக எளிதாகத் திறக்கும், ஏனெனில் செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். பீட்டாவை நினைக்கும்போதெல்லாம் காட்னிஸின் நெஞ்சில் முதலில் எழுவது அன்போ ஆசையோ அல்ல. தீர்க்கப்படாத கடன் ஒன்றின் உறுத்தல். சோறு தந்தவனுக்காக உயிரைக் கொடுத்த கர்ணனின் கதையை நாம் பாரதத்தில் கேட்டிருக்கிறோம். இவளுக்கு நேர்ந்திருப்பதோ, தன் உயிர் மிஞ்ச வேண்டுமானால் பாண் தந்தவன் சாக வேண்டும் என்ற நிலை. தோழிகள் சொல்லும் காதல் கதைக்குள் போவதற்கு முன் இந்த முடிச்சைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, தமிழ் இலக்கியம் படிக்கும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மரபை நினைவூட்டுகிறேன். அகப்பாடல்களில் தலைவன், தலைவி என்றுதான் வருமே தவிர, இன்னாருடைய மகள் இன்னாரை விரும்பினாள் என்று பெயர் சுட்டிச் சொல்லப்படுவதில்லை. அது தொல்காப்பியம் வகுத்த நெறி. பெயர் சொன்ன மறுகணமே அது புறமாகிவிடும். களவு என்னும் மறைவுக் காதல் வெளிப்பட்டு ஊர்வாய்க்கு வந்தால் அதற்கு அலர் என்று பெயர். தலைவி அஞ்சுவது அதற்குத்தான். பனெமின் தலைநகர் செய்வது இதற்கு நேர்மாறானது. போட்டிக்கு முந்தைய மேடையில் பீட்டா தான் காட்னிஸை நெடுநாளாக விரும்புவதாகச் சொல்கிறான். நாடு முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவன் சொன்னது உண்மைதான். ஆனாலும் அது சொல்லப்பட்ட இடம் சந்தை. மேடையிலிருந்து இறங்கியதும் காட்னிஸ் அவனைப் பிடித்துத் தள்ளுகிறாள். அவன் விழுந்து கைகள் கிழிபடுகின்றன. அவர்களை வழிநடத்தும் ஹேமிட்ச், இந்த அறிவிப்பால் உன்னை விரும்பத்தக்கவளாக ஆக்கியிருக்கிறான் என்று அவளுக்கு விளக்குகிறார். விரும்பத்தக்கவளானால் செல்வந்தர்கள் பணம் கட்டுவார்கள். பணம் வந்தால் களத்தில் மருந்தும் உணவும் வெள்ளிப் பரசூட்டில் இறங்கும். அலரைக் காசாக்கும் அரசு அது.

களத்தில் பீட்டா காலில் வாள்வெட்டுப் பட்டுக் கிடக்கிறான். காட்னிஸ் அவனை ஒரு குகைக்குள் வைத்துப் பராமரிக்கிறாள். முதல் முத்தம் அங்கே நிகழ்கிறது. நிகழ்ந்த சற்று நேரத்தில் ஒரு பானை சூப் வானத்திலிருந்து வந்து இறங்குகிறது. ஒரு முத்தத்துக்கு ஒரு பானை சூப் என்று ஹேமிட்ச் சொல்லாமல் சொல்வதை அவள் உடனே புரிந்துகொள்கிறாள். அதன்பின் அவள் அவன் தலையைத் தடவும்போதும், சிறுவயதுக் கதையொன்றைச் சொல்லும்போதும், இது எனக்காகவா, பார்ப்பவர்களுக்காகவா என்று அவளுக்கே தெரிவதில்லை. வாசிக்கும் நமக்கும் தெரிவதில்லை. ஒரு கட்டத்தில் இருவரும் நச்சுப் பழங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவர் மட்டும் பிழைப்பதைவிட இருவரும் சாவோம் என்று நிற்க, தலைநகர் பணிந்து இருவரையும் வென்றவர்களாக அறிவிக்கிறது. பிறகுதான் பெரிய ஆபத்து வருகிறது: அது அரசை எதிர்த்த செயல் என்று கொள்ளப்படாமலிருக்க, காதற்பித்துத் தலைக்கேறித்தான் அப்படிச் செய்தேன் என்று அவள் நடிக்க வேண்டியிருக்கிறது. முன்பு காதல் உணவைக் கொண்டுவந்தது. இப்போது உயிரைக் காக்கும் வாக்குமூலமாகிவிட்டது. ஊர் திரும்பும் வழியில், நடந்ததில் எவ்வளவு நடிப்பு என்று பீட்டா கேட்கிறான். நாவலில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி அதுதான். அந்தப் பக்கங்களில் ஒரு துளி இரத்தமும் இல்லை.

உங்கள் தோழிகள் இதைக் காணத் தவறியதற்கு அவர்கள் மீது குறையில்லை. நாவல் முழுவதும் காட்னிஸின் வாயால், நிகழ்காலத்தில், அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே சொல்லப்படுகிறது. 2012இல் வந்த படத்தில் அந்த உள்மனக்குரல் இல்லை. குரல் போய்விட்டால் முத்தம் வெறும் முத்தமாகத்தான் தெரியும். தலைநகரத்து மக்கள் கண்டதையே படம் பார்ப்பவரும் காண்கிறார்.

ரூ என்ற 12 வயதுச் சிறுமியைப் பற்றியும் ஒரு சொல். வேளாண்மை மாவட்டமான 11ஆம் மாவட்டத்துப் பிள்ளை. தங்கை பிரிமை நினைவூட்டுபவள். காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்து அவள் கண்முன்னே இறந்துபோகிறாள். காட்னிஸ் அவளுடைய உடலைப் பூக்களால் மூடுகிறாள். அன்றிரவு 11ஆம் மாவட்டத்திலிருந்து ஒரு பாண் வந்து இறங்குகிறது. தங்கள் பிள்ளை இறந்தபின், வறியவர்கள் காசு சேர்த்து, அவளுக்கென்று எண்ணிய பாணை வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்கு அனுப்புகிறார்கள். சூப்புக்கு ஈடாக முத்தம் கேட்ட உலகத்தில் எதையும் கேளாமல் வந்த உணவு அது. கருகிய பாணுக்கு அடுத்தபடியாக. நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்து உயர்த்தும் சைகையும் இந்தப் பகுதியில் வருகிறது. 12ஆம் மாவட்டத்தில் அது செத்தவீட்டில் அன்புக்குரியவருக்கு விடைகொடுக்கும் பழைய வழக்கம். 2014இல் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோதும், 2021இல் மியன்மாரிலும், இளைஞர்கள் அந்தச் சைகையை எதிர்ப்பின் அடையாளமாக உயர்த்தினார்கள்.

இப்போது உங்கள் அம்மாவுக்காக ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கதையின் முடிவைச் சொல்வதால் சுவை குறையும் என்று தெரிந்தே சொல்கிறேன், ஏனெனில் முன்னறிவிப்பின்றி அந்த இடத்துக்கு யாரும் போகக்கூடாது. மூன்றாம் நூலில் போர் தலைநகருக்கு வருகிறது. ஜனாதிபதி மாளிகையின் முன்னே பிள்ளைகள் மனிதக் கேடயமாக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். வெள்ளிப் பரசூட்டுகள் இறங்குகின்றன, உணவு, மருந்து என்று நம்பிப் பிள்ளைகள் கை நீட்டுகிறார்கள், அவை வெடிக்கின்றன. காப்பாற்ற மருத்துவப் பணியாளர்கள் ஓடிவந்தபின் எஞ்சியவை வெடிக்கின்றன. அந்தப் பணியாளர்களில் 14 வயதுகூட நிரம்பாத பிரிமும் ஒருத்தி. முதல் நூலில் அக்கா எந்த உயிரைக் காக்கத் தன்னைக் கொடுத்தாளோ அந்த உயிர் போகிறது. அதைச் செய்தது எதிரியல்ல, தன் பக்கத்தவர்களே என்று காட்னிஸ் நம்பும் நிலையும் வருகிறது. கஞ்சிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்கள் மீது ஷெல் விழுந்ததையும், ஆஸ்பத்திரிகள் மீது விழுந்ததையும் கண்ட ஒருவருக்கு இந்தப் பக்கங்கள் என்ன செய்யும் என்பதை நான் அறிவேன். நான் அவற்றை முதன்முறை வாசித்தபோது நூலை மூடிவிட்டு மூன்று மாதம் தொடவில்லை. ஷெல் விழுந்த அந்த நாட்களில் நீங்கள் கைக்குழந்தையாக இருந்திருப்பீர்கள். உங்களைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் அம்மா. ஆகவே மூன்றாம் நூலை வீட்டில் வாசிப்பதானால் அவரிடம் கேட்டுவிட்டு வாசியுங்கள்.

அந்த வெடிப்போடுதான் காதற்கேள்வியும் முடிகிறது. பீட்டாவையா, கேலையா, யாரைத் தேர்ந்தெடுப்பாள் என்று உலகமெங்கும் வாசகர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். விடை மனத்தடுமாற்றத்திலிருந்து வரவில்லை. அப்படிப்பட்ட இரட்டை வெடிப்புப் பொறியைச் சிந்தித்து வடிவமைத்தவர்களில் கேலும் ஒருவன். பிரிமைக் கொன்றது உன்னுடைய குண்டா என்று அவள் கேட்கிறாள், அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதே போதுமாகிவிடுகிறது. மறுபுறம் பீட்டாவைத் தலைநகர் சிறைப்பிடித்து, நஞ்சு ஏற்றி, அவளைப் பற்றிய நினைவுகளையே திரித்துவிட்டது. அவன் ஒவ்வொரு நினைவாக எடுத்து, இது மெய்யா மெய்யல்லவா என்று அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் மீள்கிறான். ஒளிப்பதிவுக் கருவிகள் இல்லாத, அழிந்த ஊரில், இறந்தவர்கள் ஒவ்வொருவரையும் பற்றி அவர்கள் ஒரு குறிப்பேடு எழுதுகிறார்கள். யாருடைய முகம் எப்படியிருந்தது, யாருக்கு எது பிடிக்கும் என்று. அந்த வேலையினூடே வளர்வதுதான் இந்நூலில் உள்ள காதல். அது ஒருசில பக்கங்களில் சொல்லப்பட்டுவிடுகிறது, யாருக்கும் காட்டப்படாமல். அகம் மீண்டும் அகமாவது என்று அதை நான் என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

குறைகளும் உண்டு. தலைநகரத்து மக்கள் பெரும்பாலும் வண்ணத் தலைமுடியும் வெற்றுப் பேச்சுமாகவே வருகிறார்கள்; அவர்களிடையே பிள்ளையைப் பெற்ற ஒருத்தி இதையெல்லாம் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை நூல் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. முதல் நூலின் இறுதியில், இறந்த பிள்ளைகளின் கண்களைக் கொண்ட ஓநாய்கள் துரத்தும் பகுதி எனக்கு எந்த வாசிப்பிலும் ஒட்டவில்லை. மனிதர் செய்யும் கொடுமையே போதுமான அளவு இருக்கும் இடத்தில் அந்தப் பூச்சாண்டி வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நிகழ்கால வினைகளும் சிறு வாக்கியங்களும் நிறைந்த நடை இது. சாதாரண தரத்தில் நீங்கள் கற்ற இலக்கணம் இதற்குத் தாராளமாகப் போதும். ஒவ்வொரு நூலும் ஒன்பது ஒன்பது அத்தியாயங்களாக மூன்று பாகங்களில் மொத்தம் 27 அத்தியாயங்கள் கொண்டது. இரவுக்கு ஓர் அத்தியாயமாக வாசித்தால் ஒரு மாதத்துக்குள் ஒரு நூல் முடியும். முதல் மூன்று அத்தியாயங்கள்தான் கடினம், ஏனெனில் அந்த உலகத்துக்கே உரிய புதுச் சொற்கள் அங்கே வருகின்றன. அவற்றை அகராதியில் தேடிப் பயனில்லை, தொடர்ந்து வாசித்தால் தாமே விளங்கும். மற்றைய சொற்களையும் வரிக்கு வரி தேடாதீர்கள். ஒரு பக்கத்தில் எந்தச் சொல் தெரியாததால் நடந்தது விளங்கவில்லையோ அந்த ஒரு சொல்லை மட்டும் பென்சிலால் கோடிட்டு, அத்தியாயம் முடிந்தபின் பாருங்கள். குகைக் காட்சிகளில் மட்டும் வேகத்தைக் குறையுங்கள். காட்னிஸ் வாயால் சொல்வதற்கும் மனதுக்குள் நினைப்பதற்கும் உள்ள இடைவெளி அங்கே வரிக்கு வரி மாறுகிறது.

இவ்வகையில் இன்னொன்று வாசிக்க விரும்பினால் லோயிஸ் லோரி 1993இல் எழுதிய ‘த கிவ்வர்’ என்ற சிறிய நூலைச் சொல்வேன். போர்க்களம் இல்லை, மாத்திரை கொடுத்து ஆசையையே அணைத்துவிட்ட ஓர் ஊரின் கதை. ஆங்கிலமும் இன்னும் எளிது. மச்சாளிடம் அடுத்து எதைக் கேட்பது என்றால் அதைக் கேளுங்கள்.

அலுமாரிக்கு மேலே இருக்கும் புத்தகத்தை அம்மாவுக்குத் தெரியாமல் எடுக்க வேண்டாம். எடுத்துத் தரும்படி அவரிடமே கேளுங்கள். முதல் அத்தியாயத்தை நீங்கள் வாசித்து முடித்த இரவில், சமையல் வேலை ஓய்ந்தபின், அதை அவருக்குத் தமிழில் சொல்லுங்கள். காட்டுக்குள் வேட்டை, கிழங்கின் பெயர், கூப்பன், சீட்டுகளின் எண்ணிக்கை என்று அந்த ஒழுங்கிலேயே சொல்லுங்கள். பிரிமின் ஒரே சீட்டு குடத்திலிருந்து எடுக்கப்படும் இடத்தில் நிறுத்திவிட்டு, அவர் பேசத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருங்கள். இரண்டாம் அத்தியாயம் மறுநாள் வரை காத்திருக்கும்.